நரி காத்த நுங்கு

தேரிக்காட்டின் ஓரத்தில், செம்மணலில் நின்ற பனைமரங்களுக்கு நடுவே ஒரு குளம் இருந்தது. அந்த வருடக் கோடையில் அது வற்றிக் குட்டையாகிவிட்டது. மிச்சமிருந்த தண்ணீர் பச்சை பிடித்து உவர்த்தது. குடித்தவர்களுக்கெல்லாம் வயிறு போனது. ஒரு கீரி அதைக் குடித்துவிட்டு நாள் கணக்கில் சுருண்டு கிடந்தது.

மழை வரும்வரை யாரும் யாரையும் கடிப்பதில்லை என்று காட்டில் பேசி முடிவு செய்தார்கள். கடிக்கவும் யாருக்கும் தெம்பு இல்லை.

அந்தக் காட்டில் கருவாலி என்றொரு மரநாய் இருந்தது. பனை ஏறுவதில் அதற்கு இணை கிடையாது. ஒரு நாள் பொழுது சாயும் நேரத்தில் அது குட்டைப்பனை ஒன்றில் ஏறி, இளங்குலையின் காம்பைக் கொறித்து ஒரு காயைக் கீழே தள்ளியது. காய் மணலில் தொப்பென்று விழுந்தது. மட்டை தடிப்பாக இருந்ததால் கருவாலியால் அதைக் கிழிக்க முடியவில்லை. அந்தப் பக்கம் வந்த செங்கான் என்ற நரி, காயைக் காலால் அழுத்திக்கொண்டு பல்லால் மட்டையை உரித்தது. உள்ளே மூன்று கண்ணிலும் நுங்கு குலுங்கியது.

அன்றிலிருந்து கருவாலி வெட்டுவதும் செங்கான் உரிப்பதும் வழக்கமாயிற்று. பூளை என்ற முயலும் தன் குட்டியோடு வந்து தள்ளி நிற்கும். மிச்சத்தை அவர்கள் அதன் பக்கம் உருட்டிவிடுவார்கள். வெயிலில் துவண்டிருந்த குட்டி, நுங்குத் தண்ணீரை நக்கிய பிறகு துள்ள ஆரம்பித்தது. கீரியும் வந்தது. ஒரு மயில் வந்தது. எல்லோருக்கும் ஒரு வாய் கிடைத்தது.

செங்கானுக்கு அது பிடிக்கவில்லை. உரிப்பது நான், குடிப்பது ஊரா என்று அதற்கு மனசுக்குள் எரிந்தது. இப்படியே போனால் மரம் மொட்டையாகிவிடும். மற்றவர்களை விரட்டிவிட்டால், காய்கள் இன்னும் பெரிதாகும். பெருத்த காயில் நிறையத் தண்ணீர் இருக்கும். அத்தனையும் தனக்கே. இப்படிக் கணக்குப் போட்ட நரி, முதலில் மரநாயிடம் போனது.

"தம்பி, உன்னிடம் சொல்லக் கூடாது என்றுதான் இருந்தேன். அந்த முயல் உன்னைத் திருடன் என்கிறது. பனையேறிகளின் மரத்தில் கை வைக்கிறாயாம். உன்னால் காட்டுக்கே ஆபத்து வரும் என்று எல்லோரிடமும் சொல்லித் திரிகிறது."

கருவாலிக்கு முகம் சுருங்கிப்போனது. தான் ஏறிப் பறித்துக் கொடுத்ததைக் குடித்துவிட்டு இப்படியா பேசுவது என்று வருந்தியது. முயலிடம் ஒரு வார்த்தை கேட்க வேண்டும் என்று அதற்குத் தோன்றவில்லை. இனி யாருக்கும் வெட்டமாட்டேன் என்று சொல்லிவிட்டுத் தாழைப் புதருக்குள் போய்ப் படுத்துக்கொண்டது. இரவில் பூச்சிகளையும் ஈச்சம்பழங்களையும் தின்று அதன் பாடு கழிந்தது.

பிறகு செங்கான் முயலிடம் போனது. நுங்கு கெட்டுவிட்டதென்றும், அதைக் குடித்த மரநாய் வயிற்றுவலியால் புரண்டுகொண்டிருக்கிறதென்றும், குட்டிக்குக் கொடுத்துவிட வேண்டாமென்றும் அக்கறையாகச் சொன்னது. பூளை அதை நம்பியது. கீரியிடமும் மயிலிடமும் பூளையே போய்ச் சொன்னது.

மரத்தடி காலியானது. செங்கான் அங்கேயே படுத்துக் குலைகளை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தது. அதற்குத் தாகம் பெரிதாகத் தெரியவில்லை. பக்கத்துப் பனையில் பதநீர் இறக்கக் கட்டியிருந்த கலயம் ஒன்று விரிசல் விட்டிருந்தது. விடியும்போது வேரடியில் சொட்டும் பதநீரை அது நக்கிக் குடித்துவிடும்.

முயலுக்கோ குளத்தை விட்டால் வேறு கதி இல்லை. குட்டி அந்தத் தண்ணீரைக் குடித்தது. மறுநாளே அதற்கு வயிற்றுப்போக்கு. காது சில்லிட்டது. கண் திறக்கவில்லை. பூளை அதை நிழலில் கிடத்திவிட்டு முள்ளுக்காடெங்கும் ஓடியது. எதையாவது கண்டுபிடிக்காமல் திரும்பக் கூடாது என்ற வெறியில், ஈரம் மணத்த இடத்திலெல்லாம் மண்ணைப் பறித்தது. நகம் பெயர்ந்தது. கடைசியில் ஒரு முட்கொடியின் அடியில், விரல் விரலாகக் கொத்தாய்த் தொங்கிய தண்ணீர்விட்டான் கிழங்கு கிடைத்தது. கடித்துப் பார்த்தது. வாயெல்லாம் சாறு.

அந்தக் கிழங்கை மென்று, சாற்றைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குட்டியின் வாயில் விட்டது. மாலைக்குள் குட்டி காதை அசைத்தது. அடுத்த நாள் எழுந்து உட்கார்ந்தது. பூளை கீரியையும் மயிலையும் கூப்பிட்டுக் கொடி இருக்கும் இடத்தைக் காட்டியது. எல்லோரும் பறித்துத் தின்றார்கள்.

இப்படியே சில வாரங்கள் போயின. பனையேறி விரிசல் கலயத்தை மாற்றிவிட்டார். சொட்டு நின்றுபோனது. நாக்கு வறண்ட செங்கான், இனி காக்க வேண்டாம் என்று முடிவு செய்து நம் இருவருக்கு மட்டும் என்று சொல்லி மரநாயை அழைத்து வந்து, எல்லாக் காய்களையும் தள்ளச் சொன்னது.

கருவாலி ஏறிக் குலை குலையாகத் தள்ளியது. காய்கள் கறுத்து, பெரிதாக, கனமாக விழுந்தன. சத்தம் கேட்டுப் பூளையும் வந்து தூரத்தில் நின்றது. செங்கான் ஒன்றை உரித்து, ஆவலோடு காயின் கண்ணில் பல்லைப் பதித்தது. கடக்கென்று ஒரு சத்தம். பல் முறிந்து மணலில் விழுந்தது. அடுத்ததை உரித்தது. அதுவும் கல். எல்லாமே முற்றிவிட்டன. ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை.

இறங்கி வந்த மரநாய் முயலைப் பார்த்தது.

"என்னைத் திருடன் என்று சொன்னாயாமே?"

"நான் எதற்கண்ணே அப்படிச் சொல்லப் போகிறேன்? நுங்கு கெட்டு உங்களுக்கு வயிற்றுவலி என்று நரியார் சொன்னாரே."

இரண்டும் நரியைத் திரும்பிப் பார்த்தன. நரி குளத்தை நோக்கி நடந்தது. தாகம் பொறுக்காமல் அந்தப் பச்சைத் தண்ணீரை வயிறு முட்டக் குடித்தது. அன்று மாலை கரையிலேயே சுருண்டு விழுந்தது. உதவிக்கு அழைக்க அதற்கு வாய் வரவில்லை.

மறுநாள் காலையில் பூளை ஒரு கொத்துக் கிழங்கைக் கவ்விக்கொண்டு வந்து நரியின் வாயருகே போட்டது. கூட வந்த கருவாலிக்குக் கோபம் ஆறவில்லை. இவனுக்கா கொடுக்கிறாய், வைத்திருந்தால் நாளைக்கு உன் குட்டிக்கு ஆகுமே என்று கேட்டது.

"வைத்தால் வாடிவிடும் அண்ணே," என்றது முயல். பிறகு நரியிடம், "நன்றாக மென்று சாற்றை இறக்குங்கள் நரியாரே. குளத்துப் பக்கம் போகாதீர்கள்," என்று சொல்லிவிட்டுத் தன் குட்டியிடம் ஓடியது.

செங்கான் உடைந்த பல்லோடு மெதுவாக மென்றது. சாறு தொண்டையில் இறங்கியபோது அதன் கண்ணில் நீர் வந்தது.

தாகம் தீர்க்கும் எதையும் அதன் பருவத்திலேயே பகிர்ந்துவிட வேண்டும்; பேராசையோடு காத்து வைத்தால் நுங்கும் கல்லாகிவிடும்.