தொரட்டன் வெட்டிய நேர்ப்பாதை

ஒரு மலைச்சரிவின் உச்சியில் பலாமரங்கள் நிறைந்த காடு இருந்தது. அடியில் ஒரு குளம் இருந்தது. உச்சியை ஒட்டிய புதரில் தொரட்டன் என்ற காட்டுப்பன்றி தன் மனைவி செவலையோடு வாழ்ந்து வந்தான்.

முந்தின ஆண்டு ஒரு பாறை உருண்டு வந்து செவலையின் பின்னங்காலை நசுக்கிவிட்டது. எலும்பு கூடியது. ஆனால் கால் வளைந்தபடியே நின்றுவிட்டது. சரிவு அப்படி ஒன்றும் செங்குத்தானது அல்ல. முள்ளும் புல்லும் அடர்ந்து கிடந்ததால்தான் யாராலும் நேராக இறங்க முடியவில்லை. குளத்துக்குப் போக மலையைச் சுற்றி இறங்கும் பழைய தடம் ஒன்றுதான் வழி. போய் வர ஒரு பகல் ஆகும். நொண்டிக் காலோடு செவலை பாதித் தூரம் போய் உட்கார்ந்துவிடுவாள். இலையில் நிற்கும் பனியை நக்கித் தாகம் தீர்ப்பாள். கேட்டால், தனக்குத் தாகமே எடுப்பதில்லை என்பாள். அது பொய் என்று தொரட்டனுக்குத் தெரியும்.

அந்தக் கோடையில் காட்டெருமைக் கூட்டம் பலாக்காட்டைத் தேடி வந்தது. கூட்டத்தின் தலைவர் பெயர் கரும்பாறை. பழம் மேலே, தண்ணீர் கீழே என்பதைப் பார்த்ததும் அவர் தொரட்டனைக் கூப்பிட்டார். மண்ணைக் கிளறுவதில் அவனை மிஞ்ச அந்தக் காட்டில் ஆள் இல்லை. சரிவில் ஒரு பாதை வெட்டித் தர முடியுமா என்று கேட்டார். புதர்களைச் சாய்க்கத் தன் கூட்டம் துணை நிற்கும் என்றார். தொரட்டன் செவலையின் காலை நினைத்துக்கொண்டான். அப்போதே சரி என்றான்.

குளத்தில் அவனுக்கு ஒரு தோழி இருந்தாள். வரியாள் என்ற விரால் மீன். அவன் சேற்றில் புரளும்போது உதிரும் பூச்சிகளைத் தின்றபடி அவனோடு பேசிக்கொண்டிருப்பாள். அப்போது அவள் குஞ்சு பொரித்து ஐந்தாறு நாள்தான் ஆகியிருந்தது. நூற்றுக்கணக்கான குஞ்சுகள். எல்லாம் சேர்ந்து நீந்தும்போது நீர்மேல் சிவப்புத் துணி ஒன்று மிதப்பது போல இருக்கும். வரியாள் அவற்றின் அடியிலேயே காவல் காத்துச் சுற்றிக்கொண்டிருந்தாள்.

பாதை வரப்போகும் செய்தியைத் தொரட்டன் பெருமையோடு அவளிடம் சொன்னான். வரியாளுக்குச் செவலையை நினைத்து மகிழ்ச்சிதான். ஆனாலும் பயம் வந்தது. குளக்கரை வளையில் இருந்த நண்டைக் கூப்பிட்டாள். களிமண்ணிலேயே வாழ்கிற நண்டுக்கு மண் எப்போது நிற்கும், எப்போது கரையும் என்பது நன்றாகத் தெரியும்.

"நேராக வெட்டாதே, தொரட்டா," என்றது நண்டு. "நேர்ப்பாதையில் உனக்கு முன்னால் தண்ணீர்தான் ஓடி இறங்கும். பாதையை வளைத்து வளைத்துக் கொண்டு வா. இரண்டு பக்கமும் புல்லை விட்டு வை. அங்கங்கே குறுக்கே கல் வரிசை வை, தண்ணீர் ஒதுங்கிப் போகட்டும். முக்கியமாக, பாதை முடிகிற இடத்தில் ஒரு பெரிய குழி வெட்டு. சேறு அதில் தங்கித் தெளிந்த தண்ணீர்தான் குளத்துக்கு வர வேண்டும். வெட்டிய மண்ணைக் கரையோரம் குவித்துவிடாதே."

தொரட்டன் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டான். நண்டு சொன்னதில் அவனுக்கு ஐயமே இல்லை. நேரே கரும்பாறையிடம் போய் அதை அப்படியே சொன்னான்.

கரும்பாறை கோபப்படவில்லை. பொறுமையாகவே பதில் சொன்னார். பலா பழுத்துவிட்டது, வளைத்து வெட்டினால் இரண்டு மடங்கு நாள் ஆகும், அதற்குள் பழம் அழுகிவிடும் என்றார். மழைக்கு இன்னும் ஒரு மாதம் இருக்கிறது என்றார். "முதலில் பாதை. குழியும் கல்லும் எங்கே ஓடிவிடப் போகின்றன? பிறகு செய்துகொள்ளலாம்."

தொரட்டன் மறுத்துப் பேசியிருக்கலாம். பேசவில்லை. அவனுக்கும் அவசரம் இருந்தது. அன்று காலையில்தான் செவலை உலர்ந்த நாக்கோடு ஓர் இலையை நக்கிக்கொண்டிருந்ததைப் பார்த்துவிட்டு வந்திருந்தான்.

எட்டே நாளில் பாதை இறங்கியது. உச்சியிலிருந்து குளம் வரை ஒரே நேர்கோடு. புல்லை வேரோடு கெல்லினான். வேர் இனிப்பாக இருந்ததால் ஓரத்துப் புல்லையும் சேர்த்துக் கெல்லினான். வெட்டிய மண்ணைக் கீழே தள்ளுவது எளிதாக இருந்தது. அது குளக்கரையில் மேடாகக் குவிந்தது.

ஒன்பதாம் நாள் காலை செவலை அந்தப் பாதையில் இறங்கினாள். மெதுவாகத்தான் வந்தாள். ஆனால் ஓரிடத்திலும் உட்காரவில்லை. குளத்தில் முகத்தை வைத்து வெகுநேரம் குடித்தாள். வரியாள் தன் குஞ்சுகளைக் கரைவரை ஓட்டிவந்து காட்டினாள். செவலையின் மூக்கைச் சுற்றி அவை மொய்த்தன. அவள் சிரித்ததைத் தொரட்டன் ஓராண்டுக்குப் பிறகு அன்றுதான் பார்த்தான்.

அன்று முதல் காட்டெருமைகள் நாளும் இரண்டு வேளை இறங்கி ஏறின. குளம்பு பட்டு மண் பொடியாகப் பறந்தது. பாதை நெடுகச் சாணமும் மிதிபட்ட பலாச்சுளையும் கிடந்தன. நண்டு இரண்டு முறை குழியைப் பற்றிக் கேட்டது. தொரட்டன் நாளைக்கு என்றான். பாதை திறந்த ஐந்தாம் நாள் உண்மையாகவே ஆரம்பித்தான். கரும்பாறையின் கூட்டத்திலிருந்து யாரும் உதவிக்கு வரவில்லை. தனியாகவே தோண்டினான்.

குழி முழங்கால் ஆழம்கூட வரவில்லை. அன்று நண்பகலில் மேற்கே வானம் இருண்டது. யாரும் எதிர்பாராத கோடை மழை கொட்டத் தொடங்கியது.

பாதை வாய்க்காலாக மாறியது. பிடித்து வைக்கப் புல்வேர் இல்லாததால் இரண்டு ஓரமும் இடிந்து விழுந்தன. சாணம், அழுகிய சுளை, செம்மண் எல்லாம் கலந்து குழம்பாக இறங்கியது. குழி ஒரு நொடியில் நிரம்பிப் போயிற்று. தொரட்டன் பாதையின் குறுக்கே தன் உடம்பையே போட்டுப் படுத்தான். தண்ணீர் அவனைப் புரட்டித் தள்ளிவிட்டுப் போனது. கரையில் குவித்திருந்த மண்மேடு அப்படியே சரிந்து குளத்துக்குள் இறங்கியது.

மாலைக்குள் மழை விட்டது. குளம் இருந்த இடத்தில் செங்குழம்பு தேங்கி நின்றது. தொரட்டன் கரையில் நின்று வரியாளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டான். வெகுநேரம் கழித்து அவள் தலையைத் தூக்கினாள். அவளைச் சுற்றி எதுவும் அசையவில்லை.

"பாசிக்குள் தள்ளிக்கொண்டு போனேன், அண்ணே," என்றாள் வரியாள். "அங்கேயும் சேறு வந்துவிட்டது. எனக்கு மேலே வந்து காற்றைக் குடிக்கத் தெரியும். அதுகளுக்கு அது இன்னும் வரவில்லை. இன்னும் சில நாள் போயிருந்தால் வந்திருக்கும்."

"குழி வெட்ட ஆரம்பித்திருந்தேன், தங்கச்சி," என்றான் தொரட்டன்.

"தெரியும். நீ தோண்டுகிற சத்தம் கேட்டது. அதைக் கேட்டு எனக்கு நிம்மதியாக இருந்தது."

அவள் அவனைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்று தொரட்டன் நினைத்தான்.

மூன்றாம் நாள் ஒரு தூறல் விழுந்தது. அந்த ஈரப் புல்லில் நெளிந்து நெளிந்து வரியாள் குளத்தை விட்டுப் போனாள். எந்தப் பக்கம் போனாள் என்று யாரும் பார்க்கவில்லை. குளத்து நீர் பச்சையாகி நாற்றம் எடுத்தது. தவளைகள் ஓய்ந்தன. குடித்த மான்களுக்கு வயிறு கெட்டது. கரும்பாறை தன் கூட்டத்தை அடுத்த பள்ளத்தாக்குக்கு ஓட்டிப் போனார். அங்கே இன்னொரு பன்றியிடம் பாதை வெட்டித் தரக் கேட்டதாகப் பறவைகள் சொல்லின.

மலைக்கு அந்தப்பக்கம், மழையால் மறுபடி நீர் ஓடத் தொடங்கிய ஓடைக்குத் தொரட்டன் செவலையை நாளும் கூட்டிப் போனான்; பாதி வழியில் அவள் உட்கார்ந்துவிட்டால் தன் தோளில் சாய்த்துக்கொள்வான். அவள் பாதையைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஒரே ஒரு நாள் மட்டும், "எனக்காகத்தானே வெட்டினாய்?" என்றாள். அவன் அவளைத் தோளில் இன்னும் நன்றாகத் தாங்கிக்கொண்டு நடந்தான்.

மீதி நேரமெல்லாம் அவன் சரிவில் வேலை செய்தான். நேர்ப்பாதையைக் கற்களால் அடைத்தான். புதிதாக வளைவுகள் வெட்டினான். ஓரங்களில் புல்லை வாயில் கவ்வி வந்து நட்டான். வேர் எவ்வளவு இனித்தாலும் ஒன்றைக்கூடத் தின்னவில்லை. குறுக்கே கல் வரிசைகள் வைத்தான். அடியில் தன் உயரத்துக்கு இரண்டு மடங்கு ஆழமாகக் குழி வெட்டினான். இதெல்லாம் முடிய ஓராண்டு ஆயிற்று.

வேலை முடிந்தபின் ஒரு பெருமழை வந்தது. தொரட்டனும் நண்டும் கரையில் நின்று பார்த்தார்கள். தண்ணீர் வளைவுகளில் தயங்கி, கற்களில் ஒதுங்கி, குழியில் சேற்றை இறக்கிவிட்டு, குளத்துக்குள் தெளிவாக வழிந்தது.

"நன்றாகச் செய்திருக்கிறாய்," என்றது நண்டு. "ஒரு துளி சேறுகூட உள்ளே போகவில்லை."

"ஆமாம்," என்றான் தொரட்டன். "அந்த ஒரு மழைக்குப் பிந்திவிட்டேன்."

பாதை போடுகிறவர் தாம் நடக்கும் வழியைவிட மழைநீர் நடக்கும் வழியை முதலில் அமைக்க வேண்டும். பிறகு செய்துகொள்ளலாம் என்று தள்ளிவைத்த காவல், பறிபோன உயிரைத் திருப்பித் தராது.