இருநூற்றுப் பன்னிரண்டு வருகைகள்

அருமைநாயகம் நூலகராக இருந்த பள்ளியில் நூலகத்துக்கு யாரும் வருவதில்லை. ஒரு நாள் தலைமையாசிரியர் எட்டிப் பார்த்தார். பொங்கலுக்குள் ஆள் நடமாட்டம் தெரியாவிட்டால் விளையாட்டுச் சாமான்களை இந்த அறையில் போட்டுவிடப் போவதாகச் சொல்லிவிட்டுப் போனார்.

மனைவி இறந்துபோன பிறகு அருமைநாயகத்துக்கு வீடு தூங்குவதற்கு மட்டும்தான். பகலுக்கு இந்த ஓர் அறை இருந்தது.

கணினி ஆசிரியை பர்வீனிடம் போய் நின்றார். பர்வீனுக்கு அவர் மகள் வயது.

"பிள்ளைங்க எல்லாம் போனுக்குள்ளதான் இருக்காங்களாம் டீச்சர். நானும் அங்க வரணும். சொல்லிக் குடுங்க."

பள்ளி விட்ட பிறகு ஒரு மாதம் பாடம் நடந்தது. மவுஸை இஸ்திரிப் பெட்டி மாதிரி தேய்க்காதீர்கள் என்று பர்வீன் கேலி செய்வார். அவரும் சிரித்துக்கொண்டே தேய்ப்பார். கடைசியில் நூலகத்துக்கு ஓர் இணையப் பக்கம் வந்துவிட்டது. மேலே புத்தக அட்டைகள். நடுவில் கேள்வி கேட்க ஒரு பெட்டி. அடியில், எத்தனை வருகைகள் என்று காட்டும் எண். பக்கத்தின் முகவரியை ஒவ்வொரு வகுப்புக் கரும்பலகையிலும் அவரே எழுதிப் போட்டார்.

அன்றிலிருந்து மதியச் சாப்பாடு அந்த எண்ணோடுதான். யாரும் குறுக்கே வரக்கூடாதென்று நூலகக் கதவை உள்ளே தாழிட்டுக்கொள்வார். தயிர்சாதத்தில் ஒரு வாய், பக்கத்தைத் திறந்து ஒரு பார்வை. ஏழு. நாற்பது. நூற்று மூன்று. "வாங்க, வாங்க" என்று திரையைப் பார்த்து மெதுவாகச் சொல்லிக்கொள்வார்.

எண் இருநூற்றுப் பன்னிரண்டைத் தொட்ட மதியம், பர்வீனை அழைத்துவந்தார். பழக்கத்தில் கதவைத் தாழிட்டார்.

"இதை அச்செடுத்துக் குடுங்க டீச்சர். ஹெட்மாஸ்டர்கிட்ட காட்டணும்."

பர்வீன் திரைமுன் உட்கார்ந்தார். பக்கத்தை மூடித் திறந்தார். இருநூற்றுப் பதின்மூன்று. மறுபடி மூடித் திறந்தார். இருநூற்றுப் பதினான்கு.

அருமைநாயகம் தயிர்சாத டப்பாவைத் தள்ளிவைத்தார்.

"அப்ப இத்தனை நாளும்?"

"அநேகமா நீங்கதான் சார்."

"ஒருத்தர்கூடவா வரலை?"

பர்வீன் கேள்விப் பெட்டியைத் திறந்தார். அதைத் திறந்து பார்க்க வேண்டுமென்று அருமைநாயகத்துக்குத் தோன்றியதே இல்லை. உள்ளே ஒன்றே ஒன்று இருந்தது. பதினோரு நாளுக்கு முன் வந்தது.

'சார், சாப்பாட்டு நேரத்தில் நூலகத்தில் உட்காரலாமா? என்னோடு சேர்ந்து சாப்பிட யாரும் இல்லை. மூன்று நாள் வந்தேன். உள்ளே தாழ் போட்டிருந்தது. தட்டப் பயமாக இருந்தது.'

அருமைநாயகம் அதை இரண்டு தடவை படித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு இன்னொரு தடவை படித்தார்.

"பேரு போடலையே டீச்சர். எப்படிப் பதில் அனுப்புறது? எதை அழுத்தணும்?"

பர்வீன் எழுந்து போய்த் தாழ்ப்பாளை நீக்கினார். இரண்டு கதவையும் விரியத் திறந்துவைத்தார்.

"மணி அடிக்க இன்னும் இருபது நிமிஷம் இருக்கு சார்."