மஞ்சள் பூசிய கல்

கேளுங்கள். நாடுகள் சிறிதாக இருந்த காலத்தில், ஒரு சித்திரை மாதம். கரும்பனூர் ஏரிக்கு மதகுகள் மூன்று. ஊருக்கு ஆசிரியர் ஒரே ஒருவர், பெயர் இளநாகன்.

இளநாகனுக்கு இருப்புக்கொள்ளவில்லை. அதிகாரிகளின் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லும்போதும் கண் ஏரிக்கரைக்கே போனது. அங்கே மதகுக்காரர் பிள்ளைகள் சேற்றில் நண்டு பிடித்துக்கொண்டிருந்தார்கள்.

அரசன் மாறவேளிடம் போனார். "அந்தப் பிள்ளைகளையும் பள்ளியில் சேருங்கள், அரசே."

"இடமில்லை" என்றான் அரசன்.

ஆடியில் போனார். "மதகு திறக்கிறவனுக்கு எழுத்து எதற்கு?" என்றான்.

புரட்டாசியில் போனார். "உமக்கு வேறு வேலையே இல்லையா?" என்றான். சபை சிரித்தது.

மறுவாரம் அரசன் ஏரியில் கோடு போட்ட ஒரு கல் நாட்டினான். 'ஏரி நீர் இந்தக் கோட்டைத் தொட்டால் மதகுகளைத் திற' என்று அதில் வெட்டியிருந்தது. ஆணையில்லாமல் மதகைத் தொட்டால் தலை போகும் என்பது அந்நாட்டுச் சட்டம். எழுதியாயிற்று என்று அரசன் நிம்மதியாக இருந்தான்.

மதகுக்காரர்களோ, அரசன் சாமி கொடுத்திருக்கிறான் என்று கல்லுக்கு மஞ்சள் பூசி மாலை போட்டார்கள்.

ஐப்பசியில் மழை விடவில்லை. இளநாகன் உட்கார்ந்தார், எழுந்தார், கடைசியில் ஏரிக்கே ஓடினார். மதகுக்காரர் தலைவி சாத்தி கரையில் சூடம் ஏற்றிக்கொண்டிருந்தாள்.

"செருப்பைக் கழற்றுங்க ஐயா. சாமி கழுத்துவரைக்கும் முழுகிட்டாரு."

இளநாகன் தண்ணீரில் இறங்கி மஞ்சளைத் துடைத்தார். விரல் எழுத்தில் நின்றது. "சாமி இல்லை அம்மா, ஆணை! திறக்கச் சொல்லுது!"

"கல்லு பேசுதா? மழையில புத்தி கலங்கிப்போச்சா உங்களுக்கு?"

"தலை போனால் என் தலை. திற!"

திறந்தார்கள். ஊர் பிழைத்தது. ஆனால் அதற்குள் கீழ்க்கரை உடைந்து அரண்மனைக் களஞ்சியத்தை வெள்ளம் கொண்டுபோயிருந்தது.

அரசன் கொதித்தான். "எழுதி வைத்தேனே! ஏன் முன்பே திறக்கவில்லை?"

சாத்தி கைகட்டி நின்றாள். "எழுதினீங்க ராசா. எங்க பிள்ளைங்களைப் படிக்க விட்டீங்களா?"

இம்முறை சபை சிரிக்கவில்லை. அரசன் இளநாகனைத் தன் பக்கத்தில் அழைத்தான்.

ஒரு பிள்ளைக்குப் பள்ளிக் கதவை அடைக்கும் நாடு, தன் ஆசிரியரின் சொல்லைத் தள்ளும் நாடு, தன் கேட்டைத் தானே தேடிக்கொள்கிறது.

தை முதல் நாள், மதகுக்காரர் பிள்ளைகள் அனைவரும் கரும்பனூர்ப் பள்ளியில் சேர்க்கப்பட்டார்கள்.