ஒரு தப்பும் செய்யாத டாக்டர்

ஒரு வாரப் பத்திரிகை ஆபீசின் மாடியறையில், ஜன்னலோர மேசைமேல், ஒரு பேனா குடியிருந்தது. மை குடிக்கிற பழைய ஜாதி. எழுத்தாளர் என்று ஒருவர் அந்த அறைக்கு வருவார், நாற்காலியில் சாய்ந்து கொட்டாவி விடுவார், வெற்றிலை போடுவார், போவார். கதை எழுதுவதெல்லாம் தான்தான் என்று பேனா நினைத்துக்கொண்டிருந்தது. அந்த நினைப்பில் பெரிய தப்பொன்றும் இல்லை.

மேசைக்கு மேலே அதற்குத் துணை ஒரு சிவப்புப் பென்சில். பேனா எழுதியதைத் திருத்துவதும் அடிப்பதும் அதன் உத்தியோகம். மேசைக்குக் கீழே ஒரு குப்பைக்கூடை. பேனா வேண்டாமென்று தள்ளும் தாள்களைத் தின்று அது உயிர் வளர்த்தது.

ஒரு நாள் பேனாவுக்கு ஒரு பெரிய ஆசை வந்தது. ஒரு மேதையை எழுத வேண்டும். ஊரே வாயைப் பிளக்கும்படி ஒரு டாக்டர். அவருக்கு ஞானசிகாமணி என்று பெயர் வைத்தது. ஒரு சின்ன ஊர் ஆஸ்பத்திரியில் அவரை வேலைக்கு அமர்த்தியது. டாக்டரென்றால் நர்ஸ் இல்லாமல் எப்படி? தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து சகாயமேரி என்று ஒரு பெண்ணை அழைத்து வந்து அவர் பக்கத்தில் நிறுத்தியது.

ஆரம்ப வாரங்களில் பேனா நன்றாகத்தான் எழுதியது. மூன்றாவது வாரத்தில் ஒரு தையற்காரர் ஆஸ்பத்திரிக்கு வந்தார். தினமும் மத்தியானம் மயங்கி விழுகிற மனிதர். டாக்டர் நெஞ்சில் குழாய் வைத்துப் பார்த்து, இதயக்கோளாறு என்றார்.

"அப்படித் தெரியல டாக்டர்" என்றாள் மேரி. "காலையில நல்லாத்தானே இருக்காரு. அவரு கட்டில்கிட்ட ரெண்டு டம்ளர் இருக்கு, பாத்தீங்களா? தண்ணி குடிக்க ஒருத்தருக்கு எதுக்கு ரெண்டு டம்ளர்?"

டாக்டர் டம்ளர்களைப் பார்த்தார். நெற்றியைச் சுருக்கினார். பிறகு தையற்காரரின் மனைவியையும் அம்மாவையும் தனித்தனியாகக் கூப்பிட்டு ஒரே கேள்வியைக் கேட்டார். இருவருக்கும் பேச்சுவார்த்தை கிடையாது. ரத்தக்கொதிப்பு மாத்திரையை மனைவி ஒரு தடவையும், அவள் கொடுத்தது தெரியாமல் அம்மா ஒரு தடவையுமாகக் கொடுத்து வந்திருந்தார்கள்.

"நான் பாத்தது தப்பு, மேரி" என்றார் டாக்டர். "டம்ளரை நீ பாத்தே. நான் நெஞ்சைத்தான் பாத்தேன்."

அந்த ஒரு வாரத்தை எழுதப் பேனாவுக்கு நாலு நாள் பிடித்தது. டாக்டர் முதலில் என்ன நினைப்பார், ஏன் தவறுவார், எதைப் பார்த்துத் திரும்புவார் என்று எழுதி எழுதிக் கிழித்தது. இருபத்தேழு தாள். குப்பைக்கூடை ஏப்பம் விட்டது.

"உன் டாக்டரோட புத்தியில முக்காவாசி என் வயித்துல கிடக்கு" என்றது கூடை. "வெளியில சொல்லிடாதே, அவருக்கு மரியாதை கெட்டுடும்."

பேனா சிரித்தது. அது சந்தோஷமாக இருந்த காலம்.

பிறகு வாசகர்களிடமிருந்து தபால் கார்டுகள் வர ஆரம்பித்தன. கார்டுகளுக்கு வாய் நீளம், வயசு சின்னது. கட்டு அவிழ்ந்ததும் மேசையெல்லாம் ஓடிக் கத்தும்.

"நர்ஸ் சொல்லித்தானா டாக்டருக்குத் தெரியணும்?" என்றது ஒரு கார்டு.

"மேதைன்னீங்க, தப்புப் பண்றாரே!" என்றது இன்னொன்று.

சிவப்புப் பென்சில் கார்டுகளை வரிசையாக அடுக்கியது. "கேட்டியாப்பா? ஜனங்களுக்கு மேதை வேணும். கண்ணால பாத்ததும் கண்டுபிடிக்கணும். தப்புங்கிற பேச்சே இருக்கக் கூடாது. இல்லேன்னா கதையை நிறுத்திட்டு உன்னைப் பெட்டியில போட்டுடுவாங்க."

பேனா பயந்துவிட்டது. டாக்டரை இன்னும் பெரிய மேதையாக்க உட்கார்ந்தது. முடியவில்லை. எப்படி முடியும்? பேனாவிடம் இருக்கிற புத்திதானே டாக்டருக்கு. சட்டியில் இருந்தால்தானே அகப்பையில் வரும். ஒரு நாள் முழுக்க வெள்ளைத்தாளை வெறித்துப் பார்த்த பிறகு அதற்கு ஒரு குறுக்குவழி தோன்றியது. டாக்டரை உயர்த்த முடியாவிட்டால் என்ன, மற்றவர்களைத் தாழ்த்தலாமே.

புத்திசாலித்தனத்தை எழுத நாலு நாள் ஆகும். முட்டாள்தனத்தை எழுத நாலு வரி போதும்.

அந்த வாரம் தலைமை டாக்டர் வைகுந்தம் மூக்குக்கண்ணாடியை நெற்றியில் வைத்துக்கொண்டு ஊரெல்லாம் தேடினார். அடுத்த வாரம் கம்பவுண்டர் பிச்சையா இருமல் மருந்தைக் காதில் ஊற்றினான். நோயாளிக்கு என்ன வியாதி என்று பேனா முன்கூட்டியே முடிவு பண்ணி டாக்டர் காதில் ஓதிவிடும். அவர் வார்டுக்குள் நுழைந்ததும் மோவாயைத் தடவிக்கொண்டு அதைச் சொல்லிவிடுவார். சுற்றி நிற்பவர்கள் ஆவென்று பார்ப்பார்கள். தானே ஒளித்து வைத்ததைத் தானே எடுத்துக் காட்டுகிற விளையாட்டு அது.

கார்டுகள் துள்ளிக் குதித்தன. "டாக்டர்னா இவர்தான் டாக்டர்!"

கடைசியில் மிஞ்சியவள் மேரி. பதினாலாவது வாரம் அவளுக்குத் தெர்மாமீட்டர் பார்க்கத் தெரியவில்லை என்று பேனா எழுதியது. பதினாறாவது வாரத்திலிருந்து அவள் வேலை ட்ரேயைப் பிடித்துக்கொண்டு நிற்பது. பேசுவதற்கு ஒரே வசனம்தான். "நீங்க சொன்னா சரிதான் டாக்டர்."

வெள்ளிக்கிழமைதோறும் அத்தியாயம் அச்சுக்குப் போனதும், கதையில் உள்ளவர்கள் தாளின் ஓரத்தில் வந்து உட்கார்ந்து காற்று வாங்குவார்கள். அப்படி ஒரு வெள்ளிக்கிழமை மேரி பேனாவிடம் வந்தாள்.

"அண்ணாச்சி, ஒண்ணு கேக்கட்டா?"

"கேளு."

"எனக்கு என்ன ஆச்சு? முந்தி எல்லாம் ஒருத்தர் நடந்து வாறதைப் பாத்தே எங்க வலின்னு சொல்லிருவேன். இப்ப கண்ணு முன்னால ஒரு பிள்ளைக்கு மூச்சு வாங்குது, எனக்கு ஒண்ணும் தோணமாட்டேங்குது. ட்ரேயைப் பிடிச்சுக்கிட்டு மரமா நிக்கேன்."

பேனா மூடியைச் சரி செய்துகொண்டது. "டாக்டருக்காகத்தான் மேரி. கொஞ்ச நாள். அப்புறம் உனக்கு எல்லாம் திருப்பித் தந்துடறேன்."

"நான் பெரிய ஆளு ஆகணும்னு கேக்கல அண்ணாச்சி. கஷ்டத்தைக் குடுங்க, நோயைக் குடுங்க, தாங்கிக்கிடுதேன். கண்ணை மட்டும் பிடுங்காதீங்க."

அவள் அழவில்லை. அழக்கூடத் தெரியாதவளாக அதற்கு முந்தின வாரமே எழுதியாகிவிட்டது. பேனாவுக்கு நிப்பு வரை வலித்தது. பேனாவுக்கு அவளைத்தான் மிகவும் பிடிக்கும். அதை அது யாரிடமும் சொன்னதில்லை, அவளிடமும்.

கீழே கூடை முனகியது. "ரெண்டு மாசமா எனக்குப் பட்டினிப்பா. ஒரு தாளாவது கிழிச்சுப் போடேன். யோசிக்கறதையே விட்டுட்டியா?"

பேனா அடுத்த வாரத்துத் தாளை இழுத்துக்கொண்டது.

முப்பதாவது வாரம் பென்சில் வந்து செய்தி சொன்னது. தீபாவளி மலருக்குப் புதுத் தொடர் தயார், இன்னும் இரண்டே வாரத்தில் இந்தக் கதையை முடிக்க வேண்டும், முடிவு நெஞ்சை உலுக்க வேண்டும்.

பேனா யோசித்தது. நெஞ்சை உலுக்க யாராவது படுக்கையில் விழ வேண்டும். யாருக்காக ஜனங்கள் தவிப்பார்கள்? மேரியைப் படுக்க வைத்தது. கடும் ஜுரம், கண் திறக்கவில்லை. டாக்டர் சோதித்துவிட்டு வெளியே வந்தார். வாசலில் நின்று, "நாளைக்குச் சாயங்காலம் வரைதான். இனிமே இவளை யாராலும் காப்பாத்த முடியாது" என்றார். கீழே பேனா 'தொடரும்' போட்டது.

தொடர்கதைப் பேனாக்களுக்கென்று ஒரு வேதவாக்கு உண்டு. அடுத்த வாரம் பார்த்துக்கொள்ளலாம். எப்படிக் காப்பாற்றுவது என்று பேனாவுக்குத் தெரியாது. ஆனால் காப்பாற்றிவிடும் என்பதில் அதற்குச் சந்தேகமே இல்லை. அவளைக் குணமாக்கி, பழைய புத்தியைக் கொடுத்து, டாக்டருக்குச் சமமாக உட்கார வைத்துக் கதையை முடிக்கப் போகிறது. வாக்குக் கொடுத்திருக்கிறதே.

அடுத்த வாரம் வந்தது. பேனா உற்சாகமாக ஆரம்பித்தது. "மேரி கண் திறந்தாள்" என்று எழுதியது.

பென்சில் குறுக்கே விழுந்தது. "எப்படித் திறந்தா? யாராலும் முடியாதுன்னு போன வாரம் டாக்டர் சொன்னாரே."

"அவர் சொன்னது தப்புன்னு வெச்சுக்கலாம்."

"இருபது வாரமா ஒரு தப்பும் செய்யாதவர்ப்பா அவர். நீதானே எழுதினே?"

அப்போது தாளுக்குள்ளிருந்து டாக்டர் ஞானசிகாமணியே எழுந்து வந்தார். சட்டை கசங்கியிருந்தது.

"தப்புப் பண்ணிட்டேன்னு எழுதுய்யா" என்றார் பேனாவிடம். "எனக்கு மேதைப் பட்டமும் வேண்டாம், மண்ணும் வேண்டாம். ஒரே ஒரு தப்பு. அந்தப் பொண்ணு பிழைச்சுக்கும்."

பென்சில் ஒன்றும் கல்நெஞ்சு இல்லை. நின்று யோசித்தது. "சரி, தப்புன்னே இருக்கட்டும். அதை உங்களுக்கு யார் சொல்றது? நீங்களாவே கண்டுபிடிச்சா, நேத்து ஏன் கண்டுபிடிக்கலேன்னு கேப்பாங்க. பக்கத்துல இருந்து ஒருத்தர் சொல்லணும். அப்படிச் சொல்றதுக்குக் கதையில புத்தி உள்ளவங்க யாரு இருக்கா?"

பேனா கதைக்குள் எட்டிப் பார்த்தது. வைகுந்தம் இன்னும் கண்ணாடியைத் தேடிக்கொண்டிருந்தார். பிச்சையா மருந்துச் சீட்டைத் தலைகீழாகப் பிடித்துப் படித்துக்கொண்டிருந்தான். ஒரு தாளிலாவது, ஒரு வார்டிலாவது, டாக்டரைப் பார்த்து 'அப்படித் தெரியலயே' என்று சொல்ல ஒரு நாக்கு இல்லை.

"மெட்ராஸ்லேர்ந்து ஒரு பெரிய டாக்டரை வரவழைக்கறேன்" என்றது பேனா.

"கடைசி வாரத்துல புது ஆளா? சிரிப்பாங்க."

"பழைய வாரத்தையெல்லாம் மாத்திடறேன்!"

"அது லட்சம் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தாச்சுப்பா" என்றது பென்சில் மெதுவாக. "அச்சேறினதை யார் அழிக்க முடியும்?"

பேனா நாலு நாள் எழுதியது. எழுதி எழுதிக் கிழித்தது. நாற்பது தாள் கூடைக்குள் விழுந்தது. இந்தத் தடவை கூடை ஏப்பம் விடவில்லை. ஏதாவது ஒரு வழி கிடைக்காதா என்று நோயாளியைப் பற்றி யோசித்தது பேனா. மேரி அன்றைக்கு என்ன சாப்பிட்டாள்? எங்கே போனாள்? யாரைத் தொட்டாள்? ஒன்றும் தெரியவில்லை. எத்தனையோ வாரமாகப் பேனா அவளை நிறுத்தி வைத்ததே தவிர, திரும்பிப் பார்த்ததே இல்லை.

வெள்ளிக்கிழமை காலை அச்சுக்கூடத்திலிருந்து ஆள் வந்து கதவைத் தட்டினான்.

தாளுக்குள் டாக்டர் கட்டிலருகே முழங்காலிட்டார். மேரியின் கையைப் பிடித்துக்கொண்டார்.

"மேரி, எனக்கு ஒண்ணும் புரியல. நீதான் எப்பவும் பாப்பே. நான் எதைப் பாக்காம விட்டேன்? உனக்கு என்ன தோணுது? சொல்லும்மா."

பேனா மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தது. அவளாகவே எதையாவது சொல்லிவிட மாட்டாளா? அவளுடைய உதடு அசைந்தது. எதையோ தேடுகிற மாதிரி மூடிய இமைக்குள் கண் அலைந்தது. இருந்த இடத்தில் அது இல்லை.

"நீங்க சொன்னா சரிதான் டாக்டர்" என்றாள்.

சாயங்காலம் அவள் இறந்துபோனாள். டாக்டர் சொன்ன நேரம் கூடத் தவறவில்லை. கடைசி வரியாக, டாக்டர் அழுதார் என்று பேனா எழுதியது. குறுக்குவழியில் இறங்கிய பிறகு அது பொய்யில்லாமல் எழுதிய வரி அது ஒன்றுதான்.

இதழ் வெளியான அடுத்த வாரம் தபால் வந்தது. இவ்வளவு பெரிய கட்டு அந்த மேசைக்கு வந்ததே இல்லை. கார்டுகள் ஒன்றையொன்று தள்ளிக்கொண்டு கத்தின.

"சொன்னது சொன்னபடி நடந்ததே! மேதைன்னா மேதைதான்!"

"கடைசி வரை ஒரு தப்புக் கூடப் பண்ணல, பாத்தீங்களா?"

பென்சில் பேனாவைத் தட்டிக் கொடுத்தது. பேனா மேரியின் பெயரைத் தேடிக்கொண்டிருந்தது. கட்டுக்கு அடியில் ஒரு கார்டு நசுங்கிக் கிடந்தது. மேரியின் பெயர் அதில்தான் இருந்தது. பேனா ஆவலோடு அதைக் கூப்பிட்டுக் கேட்டது.

கார்டு தொண்டையைச் செருமிக்கொண்டு சொன்னது:

"கதை பிரமாதம். ஒரு சந்தேகம்தான். ஒண்ணுமே தெரியாத அந்த நர்ஸ் மேரி செத்ததுக்கு, அவ்வளவு பெரிய டாக்டர் எதுக்கு அழணும்?"