எட்டு வாய்க் கல்யாணம்

தேரிக்காட்டுப் பக்கமிருந்து மலாயாவுக்குப் புதிதாக வந்திறங்கிய அந்த ஏழு பேருக்கும் மூளை உண்டு. இல்லை என்று யாரும் சொல்லிவிட முடியாது. ஒருநாளும் எடுத்துப் புழங்காததால் அது கசங்காமல் புத்தம் புதிதாக இருந்தது, அவ்வளவுதான்.

ஏழு பேரில் ஆசீர் மாப்பிள்ளை. மற்ற ஆறு பேரும் உறவுக்காரர்கள். ஆற்றுக்கு அக்கரையில் கோயில். அங்கே தோட்டத்தில் கணக்கு எழுதும் கிராணியாரின் மகள் ரூபி கல்யாணச் சேலையில் காத்திருந்தாள். மறுநாள் லெந்து என்ற தவக்காலம் ஆரம்பம். இன்றைக்குத் தாலி ஏறாவிட்டால் நாற்பது நாளைக்குக் கல்யாணப் பேச்சே கிடையாது என்று பாதிரியார் கறாராகச் சொல்லியிருந்தார்.

படகுக்காரன் ஆ லியோங் சீனன். ரப்பர் தோட்டத்தில் வளர்ந்தவனாதலால் நன்றாகத் தமிழ் பேசுவான். அதுதான் அவன் செய்த ஒரே தப்பு. ஆசீரின் தாய்மாமன் ஏசுவடியான் படகின் முகப்பிலிருந்த சீன எழுத்தைப் பார்த்துவிட்டு, அர்த்தம் தெரியாமல் கால் வைக்க மாட்டேன் என்று நின்றுவிட்டார்.

"படகுன்னு போட்டிருக்கு அண்ணே. இடப்பக்கம் ஓடம். வலப்பக்கம் மேல எட்டு, கீழ வாய். ஏறுங்க, தண்ணி வத்துது."

ஏசுவடியானுக்குப் புல்லரித்தது. நோவாவின் பேழையில் ஏறியவர்கள் எட்டுப் பேர். அதைச் சீனன் படகிலேயே எழுதி வைத்திருக்கிறான். ஆகவே இது எழுத்தல்ல, கட்டளை. ஏழு வாய் ஏறினால் அது படகே ஆகாது. வேறு என்ன ஆகும் என்று கேட்டதற்கு ஆ லியோங் தலையில் அடித்துக்கொண்டான். ஆபத்து எவ்வளவு பெரியது என்று அதிலேயே தெரிந்துபோயிற்று.

"படகுக்காரனுக்கும் வாய் இருக்கே மச்சான்," என்றார் சித்தப்பா பொன்னுத்துரை. கூட்டத்தில் கொஞ்சம் அவசரப்பட்டு யோசிப்பவர்.

"சும்மா இரும் வே. வண்டியில ஆள் எண்ணும்போது மாட்டையும் சேர்த்தா எண்ணுவீரு?"

"எனக்குக் கேக்குது அண்ணே," என்றான் ஆ லியோங்.

துறையில் கடலை விற்றுக்கொண்டிருந்த செல்லாயியிடம் பிரியாணி உண்டு என்று சொல்லி எட்டாவது வாயாக ஏற்றினார்கள். அவள் இடுப்பில் கைக்குழந்தை. இப்போது ஒன்பது. குழந்தைக்குத்தான் பல்லே இல்லையே என்று பொன்னுத்துரை வாதாடிப் பார்த்தார். எழுத்தில் பல் எங்கே இருக்கிறது, வாய்தானே இருக்கிறது என்றார் ஏசுவடியான். அந்த நேரம் பார்த்துக் குழந்தை வாயைத் திறந்து வீறிட்டது. சந்தேகத்துக்கு இடமில்லாமல் போயிற்று.

யாராவது ஒருவர் இறங்க வேண்டும். ஏசுவடியான் கல்யாணப் பத்திரிகையை எடுத்து நிதானமாகப் படித்தார். உற்றார் உறவினர் அனைவரும் வருக என்று இருந்தது. மாப்பிள்ளை வருக என்று ஓர் இடத்திலும் இல்லை.

"உன்னை யாரும் கூப்பிடலையே மாப்ள," என்றார் வருத்தத்தோடு.

ஆசீர் பத்திரிகையை இரண்டு தரம் புரட்டிப் பார்த்தான். நியாயமாகத்தான் பட்டது. இறங்கிக்கொண்டான்.

எட்டு வாயும் சுகமாக அக்கரை சேர்ந்தன. மாப்பிள்ளை எங்கே என்று பாதிரியார் கேட்க, அழையாத இடத்துக்கு வருகிற பையன் இல்லை அவன் என்று ஏசுவடியான் பெருமையாகச் சொன்னார். கிராணியார் ஆற்றோரம் தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டார். ரூபி மட்டும் சேலையைச் செருகிக்கொண்டு, "தாலி எங்க இருக்கு? அவர் சட்டைப்பையிலயா? அப்போ நாமளே போவோம் அப்பா," என்றாள்.

பாதிரியார், ரூபி, கிராணியார் மூவரும் கோயில் படகில் கிளம்பினார்கள். மூன்றே வாய். பின்னால் ஆ லியோங்கின் படகில் திரும்பிய எட்டு வாயில் உறவுக்காரர்கள் ஆறு பேரும் கண்ணை மூடி அவர்களுக்காக ஜெபித்துக்கொண்டே வந்தார்கள். செல்லாயி மட்டும் பிரியாணியைப் பற்றி விசாரித்துக்கொண்டு வந்தாள்.

கடலைக் கூடைக்குப் பக்கத்திலேயே கல்யாணம் நடந்தது. இனி நீங்கள் இரண்டு பேரல்ல, ஒன்று என்று ஆசீர்வதித்துவிட்டு, விருந்தைக் கவனிக்கப் பாதிரியாரும் கிராணியாரும் கோயில் படகில் முன்னால் போய்விட்டார்கள்.

பிரியாணியே வேண்டாம் என்று செல்லாயி குழந்தையோடு கூடைக்குத் திரும்பினாள். ஆ லியோங் எண்ணினான். ஆண்கள் ஏழு, பொண்ணு ஒன்று. அன்று முதல் தடவையாகச் சிரித்தான்.

"சரியா எட்டு அண்ணே. ஏறுங்க."

ஏசுவடியான் காலைத் தூக்கினார். தூக்கிய கால் அப்படியே நின்றது.

"பாதிரியார் இப்பத்தானே சொன்னாரு, இவங்க ரெண்டு பேரும் இனி ஒண்ணுன்னு? அப்போ ஏழுதான் வே."

எல்லாரும் மெதுவாகக் கடலைக்காரி பக்கம் திரும்பினார்கள். செல்லாயி கூடையைத் தலையிலும் குழந்தையை இடுப்பிலும் வைத்துக்கொண்டு ஏற்கனவே ஓட ஆரம்பித்திருந்தாள்.