கடலில் தொலைந்த கப்பல்களும் சாமான் ரூம் சாவியும்

இதில் எது நிசம், எது புளுகு என்று என்னிடம் கேட்காதீர்கள். சாவி தொலைந்தது மட்டும் நிசம். மற்றதற்கெல்லாம் அந்தோனியார்தான் சாட்சி. அவரும் அன்றைக்குச் சுவரைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தார்.

எங்கள் கோயில் திருவிழா அசனத்துக்கு வேண்டிய அரிசி, அண்டா, எண்ணெய் எல்லாம் சாமான் ரூமில் பூட்டியிருக்கும். ஊரே உட்கார்ந்து சாப்பிடுகிற சாப்பாடு. சாவி வருஷா வருஷம் பெர்பெத்துவா மதினி இடுப்பில் தொங்கும். இந்த வருஷம் சாமியார், "செலஸ்தீனம்மா ஜெபம் பண்ணுறவங்க, பத்திரமா வச்சுக்கிடுவாங்க" என்று என் கையில் கொடுத்துவிட்டார். மதினி வெடுக்கென்று திரும்பி நடந்தாள். வாய்க்குப் பதில் அவள் இடுப்பு பேசியது.

நானும் பத்திரமாகத்தான் வைத்தேன். எங்கே என்பதுதான் ஞாபகம் இல்லை. அரிசிப் பானை, தலையணை உறை, ஜெபப் புத்தகம் எல்லாம் பார்த்தாயிற்று. கதவை உடைத்தால் ஊர் சிரிக்கும். மதினி சிரிக்கவே மாட்டாள், அது இன்னும் மோசம்.

பொருள் தொலைந்தால் எங்கள் தெருவில் ஒரு வழக்கம். தொலைந்ததைத் தேடித் தருகிற புனிதர் அந்தோனியார்தான் என்பதால், அவர் படத்தைச் சுவரைப் பார்க்கத் திருப்பி மாட்டிவிடுவோம். பொருளைத் தேடிக் கொடுத்த பிறகுதான் அவருக்கு வெளிச்சம். காலையில் முன்னறைக்குப் போய், அவர் முகத்தைப் பார்க்க வெட்கப்பட்டு, கண்ணை இறுக்க மூடிக்கொண்டே திருப்பி மாட்டினேன். அதற்குப் பிறகு அந்தப் பக்கமே தலைகாட்டவில்லை.

சாயங்காலம் வெங்காயம் உரிக்கப் பெண்கள் என் வீட்டு முற்றத்துக்கு வந்துவிட்டார்கள். வெங்காயம் முடிந்தால் அண்டா, அண்டா என்றால் சாவி. உரிக்கிற கையை நிறுத்த எனக்குத் தெரிந்தது ஒரே வழிதான். வாயைப் பிளக்க வைத்தால் கை தானாக நிற்கும்.

நல்ல வேளையாக லூசியாள் சித்தி ஆரம்பித்தாள். "ஏ மக்கா, அந்தால நடுக்கடல்ல ஒரு கப்பலைக் காணலையாமே. டிவியில சொல்லுதான்."

"என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருந்தா தேடிக் கொடுத்திருப்பேனே சித்தி" என்றேன்.

"கிழிச்ச" என்றாள் பெர்பெத்துவா மதினி, வெங்காயத் தோலையும் கிழித்துக்கொண்டே.

"என்ன மதினி அப்படிச் சொல்லிட்டீங்க? ஓடு ஏத்திக்கிட்டு மாலத்தீவுக்குப் போன தோணியைத் தேடிக் கொடுத்தது யாரு? கடலும் நம்மள மாதிரிதான், மத்தியானம் கொஞ்சம் கண்ணயரும். அன்னைக்கு அசந்து தூங்கி ஒரு பக்கமா புரண்டு படுத்துட்டு. பக்கத்துல போன தோணி அடியில மாட்டிக்கிட்டு. எங்க வீட்டுக்காரர் புரண்டா தலகாணி காணாமப் போகலையா, அதே கதைதான்."

"பிறகு எப்படி எடுத்த?" என்றாள் சித்தி.

"கடலோட உள்ளங்கால்ல கூச்சம் காட்டினேன். சிரிச்சுக்கிட்டே திரும்பிப் படுத்துட்டு. தோணி மேல வந்துட்டு. ஒரு ஓடு உடையல."

"கடலுக்கு உள்ளங்கால் எங்கட்டி இருக்கு?" என்றாள் மதினி.

"கரையில வந்து வந்து தொட்டுட்டுப் போகுதே, அது விரலு. கொஞ்சம் உள்ள போனா உள்ளங்காலு."

சித்தி கத்தியைக் கீழே வைத்துவிட்டாள். என் மருமகள் ரூபி பாதி உரித்த வெங்காயத்தோடு உட்கார்ந்திருந்தாள். மதினியின் கை மட்டும் நிற்கவில்லை. அவள் ஒருத்தியே ஊருக்கு உரிப்பாள். தோணி போதாது, விமானம் வேண்டும் என்று எனக்குப் புரிந்தது.

"தோணி என்ன மதினி பெரிசு? முந்நூறு பேரோட ஒரு விமானம் காணாமப் போச்சு. பெரிய பெரிய மிஷின் வச்சுத் தேடுறாங்க. நான் மொட்டைமாடியில வத்தல் காயப்போடப் போனவ, அண்ணாந்து பார்த்தேன். கடலுக்கு மேல பனி, வடிச்ச கஞ்சி மாதிரி ஆடை கட்டிக் கிடக்கு. விமானம் அதுல, பாயசத்துல விழுந்த ஈ மாதிரி, சிறகை அடிச்சுக்கிட்டு ஒட்டிக் கிடக்கு."

"வத்தலை விட்டுட்டு நீ பறந்து போனியாக்கும்."

"நான் எதுக்குப் பறக்கணும்? அடுப்புல வெந்நீர் கிடந்துச்சு. கரண்டி கரண்டியா வீசி பனியை இளக்கினேன். ஆனா உடனே விடல. உள்ள இருந்தவங்க ஜெபமாலை சொல்லிக்கிட்டு இருந்தாங்க. பாதி ஜெபத்துல எழுப்பலாமா? பிரார்த்தனை முடியட்டும்னு கரண்டியோட நின்னேன். முடிஞ்சதும் விமானி கண்ணாடியை இறக்கி, 'அம்மா, மதுரைக்கு எப்படிப் போகணும்?'னு கேட்டாரு. 'வல்லநாடு வழியா போங்க தம்பி, வளைவுல ஹாரன் அடிங்க'ன்னேன்."

ரூபி சிரித்துச் சிரித்து வெங்காயக் கையாலேயே கண்ணைத் துடைத்துக்கொண்டு துடித்தாள். "அத்தை, நான் கல்யாணமாகி வந்ததுல இருந்து நீங்க மாடிப்படி ஏறினதே இல்லையே!"

"அந்த அலுப்புத்தான் இன்னும் தீரல, போ."

மதினி அடுத்த கூடையை இழுத்தாள். கடைசிக் கூடை. இருந்த பெரிய புளுகையெல்லாம் வாரி எடுத்தேன்.

"இதெல்லாம் விடுங்க. கப்பலும் விமானமும் போனா திரும்பாத முக்கோணக் கடல் ஒன்னு இருக்காமே. கப்பல் வேலைக்குப் போன என் மகன் போன்ல சொன்னான். நான் எட்டாங்கிளாஸ். பூகோளத்துல வாங்கின மார்க்கை வாத்தியார் வெளிய சொல்லல, நல்ல மனுசன். ஆனா முக்கோணம்னு கேட்டதும் எனக்கு விளங்கிட்டு. ரவிக்கைக்குத் துணி பத்தாட்டா அக்குள்ல ஒரு முக்கோணத் துண்டு வச்சுத் தைக்கிறோம்லா? ஆண்டவர் கடலைத் தைக்கும்போது அந்த இடத்துல துணி பத்தல. துண்டு வச்சாரு. காலம் போகப் போகத் தையல் விட்டுப்போச்சு. போற கப்பலெல்லாம் அந்த ஓட்டையில விழுது."

"ஐயோ!" என்றாள் சித்தி.

"வலை பின்னுற ஊசியும் நைலான் நூலும் எடுத்துக்கிட்டுப் போனேன். தைக்கிறதுக்கு முன்னால தலையை விட்டு உள்ள பார்த்தேன். அடேயப்பா! கப்பல் மேல கப்பல், நம்ம அண்டா அடுக்குற மாதிரி அடுக்கிக் கிடக்கு. விமானமெல்லாம் கொடியில காயுது. உலகத்துல தொலைஞ்சது அத்தனையும் அங்கதான். சாமியாரோட மூக்குக்கண்ணாடி, எங்க வீட்டுக்காரர் செருப்பு ஒத்தைக்கால், சித்தியோட பல்செட்டு..."

சித்தி வாயைப் பொத்திக்கொண்டாள். பெர்பெத்துவா மதினியின் கை நின்றது.

ஜெயித்துவிட்டேன் என்று நினைத்தேன்.

"செலஸ்தீ" என்றாள் மெதுவாக. "அங்கன சாமான் ரூம் சாவியும் கிடந்துச்சா?"

கடலின் அக்குளைத் தைக்கப் போன நான், கீழே கிடந்த வெங்காயத் தோலைப் பொறுக்க ஆரம்பித்தேன்.

"அது... அது எதுக்கு மதினி அங்க போகுது? பத்திரமா இருக்கு."

"எங்க?"

"அந்தோனியார்கிட்ட" என்று வாயில் வந்ததைச் சொல்லிவிட்டேன்.

மதினி எழுந்தாள், சேலையை உதறினாள், முன்னறைக்குள் போனாள். நான் ஒரு 'அருள் நிறைந்த மரியே' தொடங்கினேன். பாதி கூடத் தாண்டவில்லை.

"செலஸ்தீ! இவரை எதுக்குச் சுவத்தைப் பார்க்க வச்சிருக்க? முதுகுல எதுக்குச் சாவியைத் தொங்கப் போட்டிருக்க?"

அப்போதுதான் ஞாபகம் வந்தது. சாவி கைக்கு வந்த அன்றைக்கு, 'நீரே காத்துக்கொள்ளும் சுவாமி' என்று படத்துக்குப் பின்னாலிருக்கும் கம்பியில் நான்தான் மாட்டினேன். காலையில் அவரைத் திருப்பியதும் சாவி முன்னால் வந்து, நாள் முழுக்க வீட்டில் எல்லோர் கண்ணிலும் படத் தொங்கியிருக்கிறது. முன்னறைக்குள் போகாதவள் நான் ஒருத்திதான்.

ஆனாலும் வாய் சும்மா இருக்குமா? "பார்த்தீங்களா! நான் சொன்னேன்லா மதினி?"

"அப்போ கப்பலும் நிசந்தான் போல" என்றாள் லூசியாள் சித்தி, நாக்கால் பல்செட்டைத் தடவிப் பார்த்துக்கொண்டே.

மதினி வெளியே வந்தாள். அந்தோனியாரை நேராகத் திருப்பி வைத்துவிட்டுத்தான் வந்திருக்கிறாள். சாவியை என்னிடம் நீட்டவில்லை. பழைய இடத்திலேயே, தன் இடுப்பில் செருகிக்கொண்டாள்.

"கடலை நீ பார்த்துக்க செலஸ்தீ" என்றாள். "சாவியை நான் பார்த்துக்கிடுதேன்."