ஒழுகும் பானை நாற்பது

முன்னொரு காலத்தில், மலைக்கு அந்தப் பக்கமே எல்லா மழையும் பெய்து தீர்ந்துவிட, இந்தப் பக்கம் வெயிலை மட்டும் வாங்கிக்கொண்டிருந்த ஒரு நாட்டில், அரசருக்குத் திடீரென்று மண் பிசையும் ஆசை வந்தது. போர் இல்லை. வேட்டை சலித்துவிட்டது. அரண்மனைத் தோட்டத்தில் ஒரு சக்கரத்தைப் போடச் சொல்லி, கதவைச் சாத்திக்கொண்டு மூன்று மாதம் பானை வனைந்தார். நாற்பது பானைகள் தேறின.

தேறின என்பது அரசர் சொன்ன சொல். ஒன்றுக்கு வாய் கோணியிருந்தது, இன்னொன்றுக்கு வயிறு சரிந்திருந்தது. களிமண்ணில் மணல் அளவுக்கு மேல் கலந்திருந்தது. வெந்ததா என்று பார்க்கும் அவசரத்தில் சூளையையும் முன்னதாகவே பிரித்திருந்தார். ஆனாலும் பிறந்த பிள்ளையைக் காட்டுவதுபோல் அவற்றைச் சபையில் வரிசையாக வைத்து ஒவ்வொருவர் முகமாகப் பார்த்தார்.

புலவர்கள் புகழ்ந்தார்கள், சேனாதிபதி புகழ்ந்தார். அங்காடித் தலைவர் இராசநம்பி, "தேவலோகத்துக் கலசங்கள் வழிதவறி இங்கே இறங்கிவிட்டன" என்றார். கடைசியில் அரசர் விகடகவி கொழுந்தப்பனிடம் திரும்பினார்.

"நீர் ஏன் பேசாமல் இருக்கிறீர்?"

கொழுந்தப்பனுக்குப் பொய் சொல்லவும் வரவில்லை, மெய் சொல்லவும் துணிவில்லை. நடுவில் ஒரு வழி தேடினார்.

"அரசே, பானையைப் பற்றி நாங்கள் சொல்வது எதற்கு? சந்தையில் ஒரு பெண் அதைச் சுண்டிப் பார்த்து, தன் கைக்காசைக் கொடுத்து, இடுப்பில் வைத்துக்கொண்டு போக வேண்டும். அவள் சொல்வதுதான் தீர்ப்பு."

அரசரின் முகம் சுருங்கியது. இராசநம்பியின் முகமோ விரிந்தது. அவருடைய எடைக்கற்கள் பொய் என்பதைச் சிரிக்கச் சிரிக்கச் சபையில் காட்டிக்கொடுத்தவர் கொழுந்தப்பன்தான். அதற்குப் பழிவாங்க மூன்று வருடமாக இராசநம்பி காத்திருந்தார்.

"அரசே, அருமையான யோசனை. வரும் சந்தையில் விகடகவியே விற்கட்டும். குயவர்கள் கேட்கும் அதே விலைக்கு விற்க வேண்டும். செய்தவர் யார் என்று சொல்லக் கூடாது. கூவக் கூடாது. அவருடைய வாய்ஜாலத்தில் விற்றால் பானையின் பெருமை எப்படித் தெரியும்? யாராவது கேட்டால் மட்டும் உண்மையைச் சொல்லலாம்."

"விற்காவிட்டால்?" என்றார் அரசர்.

"சூரியன் மறையும்போது ஒரு பானை மிஞ்சினாலும், அடுத்த சந்தையில் ஒரே ஒருவர் குறையோடு திரும்பி வந்தாலும், தங்கள் கைவேலையைச் சந்தேகித்த அந்த நாக்கு இருக்கக் கூடாது."

மனம் புண்பட்டிருந்த அரசர், "அப்படியே ஆகட்டும்" என்றார். சொன்ன பிறகு அவருக்கே சங்கடமாக இருந்தது. ஆனால் அரசர் சொன்னது சொன்னதுதான்.

நாற்பது பானைகளும் வண்டியில் கொழுந்தப்பன் வீட்டு முற்றத்துக்கு வந்து சேர்ந்தன. அவர் ஒன்றைச் சுண்டினார். நல்ல பானை 'ணங்' என்று மணிபோல் பேசும். இது 'தொப்' என்றது. தண்ணீர் ஊற்றி வைத்தார். மறுநாள் காலையில் மனைவி தையலம்மையின் குரல்தான் அவரை எழுப்பியது.

"முற்றமெல்லாம் ஈரம். பானை பாதி காலி. இதை எந்த மகராசி வாங்குவா? இப்பவே வாயைப் பொத்திப் பழகிக்கோங்க. அப்புறம் கஷ்டமா இருக்காது."

"நாக்கு போனா உன்னோட யாரு சண்டை போடுவா?"

"அதுதான் எனக்கும் கவலை" என்றாள் அவள்.

கொழுந்தப்பனின் பார்வை பானையின் அடியில் நின்றுவிட்டது. பானைக்குப் பக்கத்தில் ஓர் அவரைக் கன்று இருந்தது. பத்து நாளாக வாடிக் கிடந்த அந்தக் கன்று இன்று தலையைத் தூக்கியிருந்தது. அவர் குனிந்து மண்ணைத் தொட்டார். சேறாகவும் இல்லை, காய்ந்தும் இல்லை.

"தையலு, கடப்பாரை எங்கே இருக்கு?"

சந்தை நாள் வந்தது. மற்ற குயவர்கள் பானைகளை அடுக்கி வைத்திருந்த இடத்தில், கொழுந்தப்பன் ஒரு வண்டி மண்ணைக் கொட்டி, அதில் ஒரு பானையைக் கழுத்து வரை புதைத்து, நீர் ஊற்றி, வாயை ஓட்டுச் சில்லால் மூடி வைத்திருந்தார். அதைச் சுற்றி அவரைக் கன்றுகள் பச்சையாக நின்றன. மண்மேட்டின் மறுகோடியில், பானைக்கு எட்டாத ஒரு கன்று துவண்டு கிடந்தது. அவர் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

பெண்கள் வந்தார்கள். சுண்டினார்கள். 'தொப்' என்ற சத்தம் கேட்டதும் முகம் சுளித்துப் போனார்கள். உச்சிவெயில் ஏறியது. முதல் போணியே ஆகவில்லை. அவருக்கு நாக்கு உலர்ந்தது. அது வாயில் இருப்பதை வாழ்க்கையில் அன்றுதான் அவர் அவ்வளவு துல்லியமாக உணர்ந்தார்.

நிலைமையை இன்னும் கெடுக்க எண்ணி இராசநம்பி பறைக்காரனை அனுப்பினார். அவன் சந்தை முழுக்கச் சுற்றிவந்து முழக்கினான்.

"இதனால் சகலருக்கும் தெரிவிப்பது என்னவென்றால், கொழுந்தப்பன் விற்கும் பானை ஒழுகும். தண்ணீர் நிற்காது. ஏமாறாதீர்கள்."

சிரிப்பதற்கென்றே கூட்டம் கூடியது. அதில் அலங்காரம் என்ற பூக்காரியும் இருந்தாள். மேட்டுக்காட்டில் மல்லிகை போட்டு, காலையும் மாலையும் குடம் குடமாகத் தண்ணீர் சுமந்து தோள்பட்டை காய்த்துப் போனவள்.

"ஏன்யா, நெசமாவே ஒழுகுமா?"

"ஒழுகும், தாயி."

"எம்புட்டு ஒழுகும்?"

"காலையில நிரப்பினா, மறுநாள் காலையில பாதி இருக்கும்."

கூட்டம் கொல்லென்று சிரித்தது. அலங்காரம் சிரிக்கவில்லை. பச்சைக் கன்றையும் துவண்ட கன்றையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு மண்ணுக்குள் விரலை விட்டாள்.

"வேருக்குப் பக்கத்துலயே கசியுது. அப்போ நான் ஒரு நாளைக்கு ஒரு குடம் ஊத்தினாப் போதும்."

"வாயை மூடி வைக்கணும். இல்லேன்னா வெயில் குடிச்சிரும்."

அவள் வரிசையாகச் சுண்டிக்கொண்டே போனாள். இருப்பதிலேயே மட்டமாக 'தொப்' என்றதை எடுத்து இடுப்பில் வைத்தாள். "இது நல்லா ஒழுகும். இதுமாதிரி இன்னும் நாலு கொடு."

போணி ஆயிற்று. அதன்பிறகு மேட்டுக்காட்டுக்காரர்கள் மொத்தமாக வந்து விழுந்தார்கள். வெற்றிலைக் கொடிக்காரர், கத்தரித் தோட்டத்துக்காரி, முருங்கை வைத்தவர் என எல்லோரும் சுண்டிச் சுண்டி மோசமான சத்தத்துக்காகச் சண்டை போட்டார்கள். பறைக்காரன் தொண்டை கட்டும்வரை கத்தினான். அவன் கத்தக் கத்தக் கூட்டம் பெருகியது.

பொழுது சாய்ந்தபோது ஒரே ஒரு பானை மிஞ்சியிருந்தது. அப்போது மகளுக்குச் சீர் வாங்க வந்த ஒருத்தி வேகமாக ஓடிவந்தாள்.

"அண்ணே, அதை எனக்குக் கொடுங்க. மக வீட்டுல குடிதண்ணி வைக்கணும்."

சூரியன் மலை விளிம்பைத் தொட்டிருந்தது. கொடுத்துவிட்டால் இன்றைக்கு நாக்கு பிழைக்கும். கொழுந்தப்பனின் கை பானையைப் பாதி தூக்கிவிட்டது. பிறகு மெதுவாகக் கீழே வைத்தது.

"உனக்கு இது வேணாம்மா. பொண்ணு போன இடத்துல தரையெல்லாம் ஈரமாகி மாமியார்கிட்டப் பேச்சு வாங்குவா. அதோ, மூணாவது கடையில நல்லதா இருக்கு."

அவள் போன திசையிலிருந்து, வெள்ளை வேட்டி கட்டிய ஓர் ஆள் வந்தான். சுண்டாமலே காசை நீட்டினான். "இதை எனக்குக் கொடும்."

விற்றாகிவிட்டது. சூரியனும் விழுந்தது. ஆனால் காசை வாங்கும்போது பட்ட அந்த உள்ளங்கை பஞ்சுபோல் இருந்தது. மண்ணைத் தொட்ட கை அல்ல.

அந்த வாரம் முழுக்க அவர் தோட்டம் தோட்டமாக நடந்தார். ஆழமாகப் புதைத்தவர்களுக்கு மேலே தூக்கி வைத்துக் கொடுத்தார். மூடி இல்லாத இடத்தில் கொட்டாங்குச்சியைக் கவிழ்த்துவிட்டு வந்தார். அலங்காரத்தின் மல்லிகை மொட்டு விட்டிருந்தது. முப்பத்தொன்பது பானைகளையும் பார்த்துவிட்டார். நாற்பதாவது எந்தத் தோட்டத்திலும் இல்லை.

அடுத்த சந்தைக்கு அரசரே வந்து நடுவில் ஆசனத்தில் அமர்ந்தார். பக்கத்தில் இராசநம்பி நின்றார். வாங்கியவர்கள் ஒவ்வொருவராக வந்து, கன்று பிழைத்ததையும் தோள்வலி குறைந்ததையும் சொன்னார்கள். அரசர் மீசைக்குள் பூரித்தார். கடைசியாக வெள்ளை வேட்டிக்காரன் ஒரு பானையோடு வந்தான்.

"அரசே, எனக்குக் குறை உண்டு. ஒழுகும் என்று சொல்லி விற்றார். ஏழு நாள் ஆயிற்று, இது ஒரு சொட்டுக்கூட ஒழுகவில்லை."

கொழுந்தப்பன் சுண்டினார். 'ணங்' என்றது. வாய் நிலவுபோல் வட்டம். மாற்றிவிட்டார்கள். ஆனால் அதை எப்படிச் சொல்வது? இந்தப் பானையைச் செய்தவர் வேறு என்று சொன்னால், மற்றவற்றைச் செய்தவர் யார் என்ற கேள்வி வரும். சொல்லவே கூடாத பெயர் அது. அரசரோ அந்த அழகான பானையை ஏக்கத்தோடு பார்த்துக்கொண்டிருந்தார். அதைத் தன்னுடையது என்று நம்ப அவர் மனம் துடிப்பது எல்லோருக்கும் தெரிந்தது.

"குறை வந்துவிட்டது, அரசே" என்றார் இராசநம்பி, மிகப் பணிவாக.

கொழுந்தப்பன் இராசநம்பியின் பக்கம் திரும்பினார். "ஒப்புக்கொள்கிறேன். அதற்கு முன் அங்காடித் தலைவரிடம் ஒரே ஒரு சந்தேகம். இது அந்த நாற்பதில் ஒன்றுதான் என்கிறீர்களா?"

"சந்தேகமே இல்லை."

"நாற்பதும் ஒரே கை செய்தவை. அப்படியென்றால் அந்தக் குயவருக்கு இவ்வளவு அழகாகச் செய்யத் தெரியும். தெரிந்தும், மீதி முப்பத்தொன்பதை வேண்டுமென்றே கோணலாகச் செய்து சந்தைக்கு அனுப்பியிருக்கிறார். அப்படிப்பட்டவனுக்குச் சந்தைச் சட்டம் என்ன சொல்கிறது? நீங்களே எத்தனையோ பேருக்குக் கொடுத்த தண்டனைதானே. அரசர் காதில் விழும்படி சொல்லுங்கள்."

இராசநம்பி பழக்கதோஷத்தில் தொடங்கிவிட்டார். "செய்தவனைக் கழுதைமேல் பின்புறமாக உட்கார்த்தி, உடைந்த பானை ஓடுகளை மாலையாகக் கோத்து..."

அங்கே நின்றார். அரசரைப் பார்த்தார். நெற்றியிலிருந்து வியர்வை வழிந்தது.

"மாலையாகக் கோத்து, யார் கழுத்தில் போடுவது?" என்று கேட்டார் அரசர்.

"அரசே... ஒருவேளை... பானை மாறிப்போயிருக்கலாம்."

வெள்ளை வேட்டிக்காரன் இதற்குள் கூட்டத்தில் கரையப் பார்த்தான். அலங்காரம் அவன் வேட்டி நுனியை மிதித்துக்கொண்டு நின்றாள்.

அரசர் எழுந்து வந்து பானையைக் கையில் வாங்கினார். உள்ளே கையைவிட்டு அடியைத் தடவினார். விளிம்பை ஒருமுறை ஆசையாகச் சுற்றிப் பார்த்தார். ஒரு பெருமூச்சு வந்தது. அதன் பின்னாலேயே சிரிப்பும் வந்தது. முதலில் தோள் குலுங்கியது, பிறகு தொப்பை, பிறகு ஆசனத்தைப் பிடித்துக்கொண்டு கண்ணில் நீர் வரச் சிரித்தார்.

"மாறித்தான் போயிருக்கிறது. இவ்வளவு வட்டமான வாய் என் கைக்கு இந்த ஜென்மத்தில் வராது."

அலங்காரம்தான் முதலில் பேசினாள்.

"சாமி, நீங்களா செஞ்சீங்க? அப்போ மேட்டுக்காட்டுக்கு இன்னும் அறுபது வேணும். இதேமாதிரி. திருந்திடாதீங்க."

அரசர் தம் தோள்வளையைக் கழற்றிக் கொழுந்தப்பன் கையில் பூட்டினார். "நாக்குக்கும் ஏதாவது கேளும்" என்றார்.

"இனி யாரும் இதைப் பணயம் வைக்கக் கூடாது, அரசே. ஒன்றுதான் இருக்கிறது."

அரசர் மறுபடியும் சிரித்தபடி சக்கரத்துக்குத் திரும்பினார். அறுபது பானைகளும் சந்தைக்கு வந்தபோது, அவை எவ்வளவு நன்றாக ஒழுகும் என்று கூவுகிற வேலை இராசநம்பிக்குத் தரப்பட்டது. அவர் குரல், பறைக்காரனுடையதைவிட எடுப்பாகவே இருந்ததாம்.